முதலில் சறுக்கியவர் யார்?

சென்ற வசந்த காலத்தில் ஸூரிச் நகரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் என் தமக்கையின் மகன். யந்திர சாஸ்திரம் படித்துவிட்டு ஸ்விட்ஸர்லாந்தில் உத்தியோகம் பார்க்கிறான். ஊரில் இருந்தவரை நாலு தூற்றல் விழுந்தால் வாசற்படி தாண்டாதவன், அங்கே போன பிறகு பனிமலையில் சறுக்கி விளையாடப் பழகியிருக்கிறான். காலில் நீளமான இரண்டு பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு அது. பலகைக்கு ஸ்கீ என்று பெயர்.

"மாமா, புது ஸ்கீ வாங்கியிருக்கிறேன். இப்போது எல்லோரும் விரும்புகிற அகல மாதிரி. நடுவில் அளந்தால் 10 சென்டிமீட்டர் இருக்கிறது. பழையது 7 சென்டிமீட்டர்கூட இராது. மார்ச் மாதக் கடைசியில் தாவோஸ் என்ற ஊருக்குப் போய் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தேன். காலை எட்டு மணிக்குப் பனி கண்ணாடி மாதிரி கெட்டியாக இருந்தது. அகலப் பலகை அதில் பிடிப்பில்லாமல் தடதடவென்று ஆடிற்று. பணம் வீண் என்று நினைத்தேன். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மேல்பரப்பு இளகி, ரவையைக் கொட்டிப் பரப்பினாற்போல் ஆயிற்று. அப்புறம் ஒரே ஆனந்தம்! படகில் போவது போல் இருந்தது. பகல் பன்னிரண்டுக்குப் பனி கூழாகிவிட்டது. ஒல்லிப் பலகைக்காரர்கள் புதைந்து புதைந்து எழுந்தார்கள். நான் மிதந்துகொண்டு போனேன். மூன்று தடவை விழுந்தேன் என்பதையும் அம்மாவிடம் சொல்லாமல் உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன்."

இதுவரை படித்துக்கொண்டு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அடுத்த பத்தியில்தான் வினை காத்திருந்தது.

மலைமேல் ஏற்றிச் செல்லும் தொங்கு நாற்காலியில் அவன் பக்கத்தில் அந்த ஊர்க் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். பேச்சுக் கொடுப்பதற்காக இவன், "ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில்தானே உங்கள் நாட்டுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர்? என் மாமா எழுதியிருக்கிறார்" என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறான். கிழவர் சற்று நேரம் எதிரே இருந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "அப்படியா? கானன் டாயிலுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றும் உங்கள் மாமா எழுதியிருக்கிறாரா?" என்று கேட்டாராம்.

"எனக்குப் பதில் தெரியவில்லை, மாமா. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கடிதத்தை முடித்திருந்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதியது உண்மைதான். எங்கோ படித்தேன்; சுவையாக இருந்தது; எழுதிவிட்டேன். ஷெர்லக் ஹோம்ஸின் பிதா ஒரு தேசத்துக்கே பனிச் சறுக்கு கற்றுக்கொடுத்தார் என்றால் எந்த நாவலாசிரியனுக்குத்தான் எழுத ஆசை வராது? ஆனால் கிழவரின் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. பழைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் கண்டதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

கதை 1893-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. கானன் டாயிலுக்கு அப்போது 34 வயது. உலகம் முழுவதும் ஹோம்ஸ், ஹோம்ஸ் என்று ஒரே பேச்சு. வீட்டுக்குள்ளோ வேறு நிலைமை. அக்டோபர் மாதம் தகப்பனார் இறந்துபோனார். அதை ஒட்டியே மனைவி லூயிஸாவுக்கு க்ஷயரோகம் என்று தெரிந்தது. டாயிலே வைத்தியம் படித்தவர். ஆனாலும் தம் வீட்டில் புகுந்திருந்த நோயை வேறொரு வைத்தியர் வந்து சொல்லித்தான் அறிந்துகொண்டார். சில மாதங்களே தாங்கும் என்றார்கள். மூத்த குழந்தைக்கு நான்கு வயது, இளையதற்கு ஒன்று.

அந்தக் காலத்தில் க்ஷயத்துக்கு மருந்து கிடையாது. மலைக்காற்றும் வெயிலும் ஓய்வும்தான் சிகிச்சை. கடல் மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள தாவோஸ், 1850-களில் அலெக்ஸாண்டர் ஷ்பெங்லர் என்ற ஜெர்மானிய வைத்தியர் அங்கே வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு, நோயாளிகளின் ஊராக மாறியிருந்தது. ஐரோப்பாவின் நாலு திசையிலிருந்தும் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடத்தில் வெயிலில் படுத்திருப்பார்கள். சிலர் குணமாகி இறங்கினார்கள். பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் 'டிரெஷர் ஐலண்ட்' நாவலை 1881-ல் எழுதி முடித்ததும் இந்த ஊரில்தான். அவரும் நோயாளியாக வந்தவரே.

இந்த ஊருக்குத்தான் டாயில் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த டிசம்பர் மாதம் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஷெர்லக் ஹோம்ஸ் நீர்வீழ்ச்சியில் விழுந்து மடிந்தார். வாசகர்கள் கோபமாய்க் கடிதம் எழுதினார்கள். கற்பனை மனிதனுக்காக உலகம் துக்கம் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, அவனைப் படைத்தவர் நிஜமான இருமலைக் கேட்டுக்கொண்டு ஒரு பனி ஊரில் உட்கார்ந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். கிரிக்கெட், கால்பந்து, குத்துச்சண்டை எல்லாம் ஆடிய உடம்பு. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அறைக்குள் அடைந்திருப்பது அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்போது அவர் கையில் கிடைத்தது நான்ஸென் எழுதிய புத்தகம். நார்வே தேசத்தவரான நான்ஸென் 1888-ல் ஐந்து துணைவர்களுடன் ஸ்கீ கட்டிக்கொண்டு கிரீன்லாந்தின் பனிப் பாலைவனத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தவர். அந்தப் புத்தகம் ஐரோப்பாவில் எத்தனையோ இளைஞர்களைப் பித்துப் பிடிக்க வைத்தது. டாயிலும் நார்வேயிலிருந்து ஒரு ஜோடி ஸ்கீ தருவித்தார்.

இங்கேதான் கிழவரின் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. பலகை வந்துவிட்டது, எப்படிச் சறுக்குவது? யார் சொல்லித் தருவது?

தாவோஸில் டோபியாஸ் பிராங்கர் என்று ஒருவர் இருந்தார். குதிரைக்குச் சேணம் தைப்பது அவர் தொழில். யோஹான் என்ற சகோதரரும் அவருமாக, டாயில் அங்கே ஸ்கீயைத் தொடுவதற்கு முன்பே, அதைப் பழகத் தொடங்கிவிட்டார்கள். பகலில் பழகினால் ஊரார் சிரிக்கிறார்கள் என்று இருட்டிய பிறகு போய்ப் பழகினார்கள் என்று அந்த ஊரில் சொல்வதுண்டு. 1893-ல் இருவரும் தாவோஸுக்கும் அரோஸாவுக்கும் நடுவே உள்ள மையன்ஃபெல்டர் ஃபூர்கா கணவாயைப் பனிக்காலத்தில் ஸ்கீ கட்டிக்கொண்டு கடந்தார்கள். கணவாயின் உயரம் 2,440 மீட்டர். அதே 1893-ல் கிளாரஸ் ஊரைச் சேர்ந்த கிறிஸ்டாஃப் இஸெலின் என்பவர் பிராகெல் கணவாயை ஸ்கீயில் கடந்தார். அந்த ஊரில் ஸ்கீ சங்கமும் அந்த ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. ஆகவே, டாயில் ஸ்கீயில் கால் வைப்பதற்குள் ஸ்விட்ஸர்லாந்து மெள்ள மெள்ளச் சறுக்கத் தொடங்கியிருந்தது. சேணம் தைப்பவர்தான் குரு. உலகப் புகழ் பெற்ற ஆசிரியர் சிஷ்யன்.

டாயிலின் புது ஸ்கீ எப்படி இருந்தது என்று பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு அடி நீளம், நாலு அங்குல அகலம் என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். நாலு அங்குலம் என்றால் 10 சென்டிமீட்டர். என் மருமகன் நவீன மாதிரி என்று பணத்தைக் கொட்டி வாங்கியது அதே அகலம்தான்!

அகலத்தின் ரகசியம் எளியது. மனிதனுடைய இரண்டு உள்ளங்கால்களும் சேர்ந்து ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர். டாயிலின் இரு பலகைகளும் சேர்ந்தால் 5,000-க்குக் கொஞ்சம் குறைவு. ஒரே பாரம் எட்டு மடங்கு இடத்தில் பரவுகிறது, பனி தாங்கிக்கொள்கிறது. சேற்றில் நடக்கப் பலகை போடும் நம் ஊர் யுக்திதான் இதுவும். மிருதுவான பனி உள்ள காட்டிலும் மலையிலும் வாழ்ந்தவர்களுக்கு அகலமே வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பனியை அழுத்திக் கெட்டிப்படுத்திய பாதைகளில் பந்தயம் விடத் தொடங்கினார்கள். கெட்டிப் பனியில் மிதக்க வேண்டியதில்லை; பலகையின் விளிம்பு கத்தி போல் கடித்துச் சட்டென்று திரும்ப வேண்டும். அதனால் பலகை ஒல்லியாகி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆறு, ஆறரை சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. 1988-ல் ஆஸ்திரியாவின் அட்டாமிக் கம்பெனியில் வேலை பார்த்த ரூபர்ட் ஹூபர் மீண்டும் அகலமான ஸ்கீயைச் செய்து காட்டினார். இரண்டு காலையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் பெரிய பனிப்பலகையை நெடுக இரண்டாக அறுத்துப் பார்த்ததில் பிறந்த யோசனை என்கிறார்கள். இருட்டில் பழகிய பிராங்கர் சகோதரர்களுக்குக் கிடைத்த அதே கேலிதான் முதலில் அவருக்கும் கிடைத்தது. இன்று அந்த மாதிரி பழையது என்பதே மறந்து, புதியது என்று வாங்குகிறார்கள்.

டாயிலும் பிராங்கர் சகோதரர்களும் புறப்பட்டது 1894-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி. அதிகாலை 4:30 மணி. ஏன் அந்த வேளை என்பது என் மருமகனின் கடிதத்தைப் படித்தவர்களுக்கே விளங்கும். வசந்தத்தில் பகல் வெயில் பனியை உருக்குகிறது. இரவுக் குளிர் மறுபடி உறைய வைக்கிறது. விடியற்காலையில் பனி ஆளைத் தாங்கும். உச்சிவேளைக்குள் ஈரம் ஊறிக் கனத்துப்போகும். செங்குத்தான சரிவில் அந்த ஈரப் பனி மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தால், கீழே இருப்பவனைத் தோண்டி எடுக்கத்தான் வேண்டும். சேணக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியும். அதனால் நிலா வெளிச்சத்திலேயே நடை தொடங்கிற்று.

மேலே ஏறுவது குறுக்கும் நெடுக்குமாக, வளைந்து வளைந்து. உச்சியைக் கடந்த பிறகு ஓரிடத்தில் சரிவு மிகவும் செங்குத்தாகிவிட்டது. சகோதரர்கள் ஸ்கீயைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து இறங்க வழி செய்தார்கள். டாயில் உட்காரப் போனார். ஸ்கீ அவரை விட்டுவிட்டுத் தனியாக ஓடிவிட்டது. பிறகு அவர் இறங்கிய வாகனம் அவருடைய கால்சட்டைதான். ஹாரிஸ் கம்பளித் துணி கிழியவே கிழியாது என்று தம் தையற்காரர் சொல்லியிருந்ததாகவும், அந்தச் சித்தாந்தத்துக்கு விரோதமான சாட்சியங்கள் கணவாயிலிருந்து அரோஸா வரை இறைந்து கிடப்பதாகவும் அவர் பிற்பாடு எழுதினார்.

நண்பகலுக்கு முன்பே அரோஸா வந்து சேர்ந்தார்கள். ஹோட்டல் பதிவுப் புத்தகத்தில் ஊர், பேர், தொழில் எழுத வேண்டும். டாயிலுக்காக டோபியாஸே எழுதினார். தொழில் என்ற இடத்தில் எழுத்தாளர் என்று போடவில்லை, வைத்தியர் என்றும் போடவில்லை. விளையாட்டு வீரர் என்று எழுதினார். குரு கொடுத்த பட்டம்! உலகமெல்லாம் புகழ்ந்தபோது அடையாத பெருமிதத்தை டாயில் அதில் அடைந்திருக்கிறார் என்று அவர் எழுத்தே காட்டுகிறது.

அந்த 1894 டிசம்பர் மாத 'ஸ்ட்ராண்ட்' இதழில் இந்தப் பிரயாணத்தை அவர் கட்டுரையாக எழுதினார். அதில் பிராங்கர் சகோதரர்கள் முன்னே போகிறார்கள். டாயில் பின்னே விழுந்து விழுந்து எழுந்து வருகிறார். தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதில் அவருக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. ஸ்கீ சறுக்குவதற்கென்றே மார்ச், ஏப்ரல் மாதங்களில் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் ஸ்விட்ஸர்லாந்துக்கு வரும் காலம் வரப்போகிறது என்றும் அதில் ஆரூடம் சொன்னார். ஆரூடம் பலித்தது. நூறு அல்ல, லட்சக்கணக்கில் வந்தார்கள்.

முப்பது வருஷம் சென்றது. 1924-ல் டாயிலின் சுயசரிதை வெளிவந்தது. அதில் அதே பிரயாணம் மறுபடி வருகிறது. ஆனால் இப்போது காட்சி மாறிவிட்டது. அந்தப் பிரதேசத்துக்கு ஸ்கீயை முதன்முதலில் கொண்டுவந்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளலாம். குறைந்தபட்சம், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு போக அது பயன்படும் என்று காட்டியவன் நான் என்று சொல்லலாம் என்கிறார். நான்ஸெனைப் படித்துவிட்டு டோபியாஸிடம் தாமே பேச்செடுத்ததாகவும், அதன் பிறகே சகோதரர்களுக்கு ஆர்வம் பிறந்ததாகவும் அந்தப் பக்கத்தில் கதை போகிறது. குருமார்கள் சிஷ்யர்களாகிவிட்டார்கள். 1893-ல் அவர்கள் கணவாயைக் கடந்தது எங்கோ கரைந்துபோய்விட்டது.

டாயில் பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருஷமாக ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி வந்தால், சொல்கிறவன் கதையின் நடுவுக்கு நகர்ந்துவிடுகிறான். இது எழுத்தாளர்களுக்கே உரிய வியாதி. எனக்கும் உண்டு. என் இளமைக் காலத்துச் சம்பவங்கள் பலவற்றில், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த நான், இன்று சொல்லும்போது நடுக்கூடத்தில் நிற்கிறேன். மறுத்துச் சொல்லக்கூடியவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. சேணக்காரரும் சுயசரிதை எழுதி வைத்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அவர் தோலில் தைத்தாரே தவிர, காகிதத்தில் எழுதவில்லை.

அந்த 1924-ஆம் ஆண்டிலேயே இன்னொன்று நடந்தது. ஸ்வீடன் தேசத்தின் வட பகுதியில் கால்வ்த்ரெஸ்க் என்ற இடத்தில், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டியவர்கள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஜோடி மரப் பலகைகளை எடுத்தார்கள். கூடவே ஒரு கோல். முனை மண்வெட்டி போன்றது. ஸ்கீதான்! வயது சுமார் 5,200 வருஷம் என்று பின்னால் ஆராய்ந்து சொன்னார்கள். ஆறரை அடிக்கும் மேல் நீளம். அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். டாயிலின் பலகையைவிட, என் மருமகனின் பலகையைவிட அகலம். நான்தான் முதல்வன் என்று லண்டனில் புத்தகம் வெளிவந்த வருஷத்தில், பேர் தெரியாத ஒரு வேட்டைக்காரனின் ஸ்கீ பூமிக்குள்ளிருந்து எழுந்து வந்தது!

இத்தனையும் சொல்வது டாயிலின் பெருமையைக் குறைப்பதற்காக அல்ல. அவருக்கு நியாயமாக உரிய பெருமை ஒன்று உண்டு. பிராங்கர் சகோதரர்கள் கடந்தது தாவோஸுக்குத் தெரிந்தது. டாயில் கடந்ததும் உலகத்துக்குத் தெரிந்தது. மரணத்தின் நிழலில் இருந்த ஊருக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு என்பதை அவர் பேனா எடுத்துச் சொல்லிற்று. 1934-ல் தாவோஸின் போல்கென் சரிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் ஸ்கீ இழுவை யந்திரம் ஏற்பட்டது. 1943-ல் ஸ்டிரெப்டோமைஸின் கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவப் பரவ, க்ஷயரோகிகள் மலையேற வேண்டிய அவசியமே போய்விட்டது. நோயாளிகள் படுத்திருந்த மாடங்கள் பல ஹோட்டல் மாடங்களாயின. சறுக்க வருகிறவர்கள் இல்லாவிட்டால் அந்த ஊர் என்னவாகியிருக்குமோ?

லூயிஸா என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்பீர்கள். சில மாதம் என்று வைத்தியர்கள் கெடு வைத்தவள் 1906 வரை, சுமார் பதின்மூன்று வருஷம், உயிரோடு இருந்தாள். மலைக்காற்று கொடுத்த ஆயுளா, அவளுடைய மன உறுதியா, யார் கண்டார்கள்? ஒன்று மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கணவன் பனியில் விழுந்து எழுந்து கால்சட்டையைக் கிழித்துக்கொண்ட கதையைக் கேட்டு அவள் இருமலுக்கு நடுவே சிரித்திருப்பாள் அல்லவா? அந்தச் சிரிப்பை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை. ஆனால் சேணம் தைக்கும் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததனால் அல்லவா அது வாய்த்தது!

மருமகனுக்குப் பதில் எழுதிவிட்டேன். டோபியாஸ் பிராங்கர், யோஹான் பிராங்கர் என்று இரண்டு பெயர்களையும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்த தடவை தாவோஸ் போகும்போது அந்தக் கிழவர் தென்பட்டால் தவறாமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன். என் பழைய கட்டுரையை வைத்திருக்கும் வாசகர்களும், தயவுசெய்து அந்த ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் இந்த இரண்டு பெயர்களையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.